மூச்சை எண்ணப் பழகுவோம்

உடல்நலப் பாடம்: குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுவதற்கு



வில்லாபுரம், அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் என்று எந்தப் பக்கத்துக் குழுவுக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. "ஆக்சிஜன் வச்சுட்டாங்களாம். இனி அவ்வளவுதான்." ஆஸ்பத்திரியில் சேர்ந்த உறவுக்காரர் மூக்கில் குழாயைப் பார்த்ததுமே வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. சிலர் "வேண்டாம், வீட்டுக்கே கூட்டிட்டுப் போறோம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். இன்னும் சிலர் அந்தக் குழாய்க்குப் பயந்தே ஆஸ்பத்திரிக்குப் போவதை நாளைக்கு, நாளன்னைக்கு என்று தள்ளிப் போடுகிறார்கள்.

இந்தப் பயம் எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மூச்சு முட்டி, நினைவு தப்பிய பிறகு கொண்டுபோனால், அந்த நேரத்தில்தான் ஆக்சிஜன் வைக்க முடியும். அதற்குள் உடம்பு தாங்காமல் போயிருக்கும். ஊர் பார்ப்பது குழாயை மட்டும். தாமதத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே பழி ஆக்சிஜன் மேல் விழுகிறது.

உண்மையில் ஆக்சிஜன் ஒரு மருந்து. சரியான நேரத்தில், சரியான அளவில் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றும். அந்தச் சரியான நேரம் எது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் டாக்டர் அல்ல, வீட்டில் இருக்கிற நாம்தான். அதற்கு நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இந்தப் பாடத்தில் உள்ளன.

பஸ் கணக்கில் பார்ப்போம்

நாம் இழுக்கும் காற்றில் நூற்றுக்கு 21 பங்குதான் ஆக்சிஜன். அது நுரையீரலுக்குள் போகிறது. நுரையீரலில் கண்ணுக்குத் தெரியாத காற்றுப்பைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பிரித்து விரித்து வைத்தால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது ஒரு சின்ன வீட்டுத் தரை அளவு இருக்கும். அங்கேதான் ஆக்சிஜன் ரத்தத்தில் ஏறுகிறது.

இதை நம்ம டவுன் பஸ்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நுரையீரல் என்பது பெரியார் பஸ் ஸ்டாண்டு. ஆக்சிஜன் என்பது பயணிகள். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின்தான் பஸ். இதயம், அந்த பஸ்ஸை ஓட்டும் டிரைவர். மூளை, சிறுநீரகம், கை கால், வயிற்றில் வளரும் குழந்தை, இவையெல்லாம் பயணிகள் போய்ச் சேர வேண்டிய ஊர்கள்.

பயணிகள் ஊர் போய்ச் சேராமல் இருக்க மூன்று காரணம் இருக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர் புகுந்து, ஏற முடியாமல் போகலாம். நிமோனியா, கொரோனா, முற்றிய காசநோய் வந்தால் நுரையீரலில் நடப்பது இதுதான். அல்லது பஸ்களே குறைவாக இருக்கலாம். அதுதான் ரத்தசோகை. அல்லது டிரைவருக்கு முடியாமல் போகலாம். அது இதயக் கோளாறு. மூன்றில் எது கெட்டாலும் ஊரில் பட்டினிதான்.

"98 காட்டுது, அப்புறம் ஏன்க்கா மூச்சு வாங்குது?"

கூட்டங்களில் சகோதரிகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. விரலில் மாட்டும் மிஷினுக்கு பல்ஸ் ஆக்சிமீட்டர் என்று பெயர். 1974-ல் ஜப்பானைச் சேர்ந்த தக்குவோ அயோயாகி என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டுபிடித்தார். ஊசி குத்தாமல், விரல் வழியே ஒளியைச் செலுத்தி, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று நூற்றுக்கணக்கில் அது சொல்கிறது.

ஆனால் மிஷின் சொல்வது பஸ்ஸில் எத்தனை சீட்டு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான். மொத்தம் எத்தனை பஸ் ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 14 உள்ள ஒருவரின் 100 மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 18 மில்லி ஆக்சிஜன் இருக்கும். ஹீமோகுளோபின் 7 உள்ள சகோதரிக்கு 9 மில்லிதான். இரண்டு பேர் விரலிலும் மிஷின் 98 என்றே காட்டும்! ஆனால் ஒருவருக்குக் கிடைப்பதில் பாதிதான் மற்றவருக்குக் கிடைக்கிறது.

இதயம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. ஆகவே 14 உள்ளவர் உடம்புக்கு நிமிடத்துக்கு 900 மில்லிக்கு மேல் ஆக்சிஜன் போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்புக்குத் தேவை சுமார் 250 மில்லி. மிச்சம் இருப்பதுதான் கையிருப்பு, நம்ம குழுச் சேமிப்பு மாதிரி. அவசரத்துக்கு அதிலிருந்து எடுக்கலாம். ரத்தசோகை உள்ள சகோதரிக்குக் கையிருப்பு ரொம்பக் குறைவு. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினாலே ஆக்சிஜன் தேவை சுமார் 10 சதவீதம் கூடிவிடும். அதோடு நிமோனியாவும் சேர்ந்தால், மற்றவர் தாங்குகிற நோயை இவரால் தாங்க முடியாது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டாலும் இதே கதிதான்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. இருபது பேர் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு இருக்கலாம் என்று பொருள். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்துகொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்துச் சாப்பிடாதீர்கள். சத்து உடம்பில் ஒட்டாது.

மிஷினை எப்படிப் பயன்படுத்துவது?

கொரோனா காலத்தில் நாம் புதிதாகக் கண்ட ஒன்று உண்டு. ஆக்சிஜன் 80-க்குக் கீழே இறங்கியவர்கள்கூடச் சிலர் சாதாரணமாகப் பேசிக்கொண்டு, செல்போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஆபத்து, வெளியே தெரியவில்லை. அப்போது இந்தச் சின்ன மிஷின் பல உயிர்களைக் காப்பாற்றியது.

அதைப் பயன்படுத்தும் முறை:

நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். கை ஜில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். நகப்பூச்சோ அழுத்தமான மருதாணியோ இல்லாத விரலில் மாட்டுங்கள். கையை அசைக்கக் கூடாது. எண் நிலையாக நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள். 95-ம் அதற்கு மேலும் சரி. 94-ம் அதற்குக் கீழும் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். 90-க்கு வந்துவிட்டால் உடனே 108.

இன்னொரு முக்கியமான செய்தி. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், மிஷின் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை எடுத்து நேரடியாகச் சோதித்தார்கள். உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளை நிறத்தவரில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. கறுப்பு நிறத்தவரில் நூற்றுக்கு சுமார் 12 பேர். தோல் கறுத்திருந்தால் மிஷின் சில சமயம் கூட்டிக் காட்டிவிடுகிறது. நம்மில் பெரும்பாலோர் மாநிறம், கறுப்பு நிறம்தானே? எனவே "94 காட்டுதே, பரவாயில்லை" என்று இருந்துவிடக் கூடாது. நேற்று 98 இருந்தது இன்று 95 ஆகிவிட்டது என்றால் அந்த இறக்கமே ஓர் எச்சரிக்கை.

மிஷின் இல்லாத வீட்டில்?

மிஷினே இல்லாவிட்டாலும் மூச்சை எண்ணலாம். நோயாளி ஓய்வாக இருக்கும்போது, அவருக்குச் சொல்லாமல், நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதைப் பாருங்கள். சொன்னால் மூச்சை மாற்றி விடுவார். ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் சேர்ந்தால் ஒரு மூச்சு. கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், தவறு வரும்.

பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 24-க்கு மேல் போனால் ஆபத்து.

குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமூச்சு. அதோடு மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், பால் குடிக்க முடியாமல் போனால், மந்திரிக்கவோ கைமருந்துக்கோ நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிதான்.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்கலாம். நம்ம தமிழ்நாட்டிலேயே பதில் இருக்கிறது. காசநோயால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே இறந்துவிடுகிறார்கள். மாத்திரை வேலை செய்வதற்கு முன்பே உடம்பு தளர்ந்துவிடுகிறது. ஆகவே சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கின. நோய் உறுதியானதுமே சில எளிய சோதனைகள். எடை உயரத்துக்குத் தகுந்தபடி இல்லாமல் மிகவும் குறைந்திருக்கிறதா? காலில் வீக்கம் இருக்கிறதா? மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல் போகிறதா? ஆக்சிஜன் 94-க்குக் கீழே இருக்கிறதா? பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? ஆபத்து தெரிந்தவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கவனிப்பதுதான் இந்தத் திட்டம். ஸ்கேன் கிடையாது, பெரிய மிஷின் கிடையாது. தராசு, அளவுகோல், கடிகாரம், விரல் மிஷின் போதும். இதே சோதனைகளில் பாதியை நாமே வீட்டில் செய்யலாம்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்கிறார்கள்?

"மூக்குக் குழாய், முகமூடி, அப்புறம் பெரிய மிஷின். அதுல போட்டா திரும்ப மாட்டாங்க" என்ற பயமும் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்த எல்லோரும் பிழைத்துவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. அங்கே போகிறவர்களே மிகவும் முடியாதவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு பத்தாண்டிலும் பிழைப்பவர் எண்ணிக்கை கூடுகிறது. அதற்குக் காரணம் ஆராய்ச்சி.

1967-ல் அமெரிக்க டாக்டர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். விபத்து, தொற்று என்று காரணம் வேறு வேறு. ஆனால் எல்லோருக்கும் நுரையீரலில் நீர் கோத்து, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் ஏறவில்லை. அதன்பிறகு பல ஆண்டுகள், இப்படிப்பட்டவர்களுக்கு வென்டிலேட்டர் மூலம் காற்றைப் பெரிய பெரிய மூச்சாகத் தள்ளினார்கள். நிறையக் கொடுத்தால் நல்லது என்றுதானே யாரும் நினைப்போம்?

861 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2000-ல் வெளிவந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. மூச்சின் அளவைப் பாதியாகக் குறைத்துக் கொடுத்தபோது, இறப்பு நூற்றுக்கு 40 என்பதிலிருந்து 31 ஆகக் குறைந்தது. நீர் கோத்த நுரையீரலில் காற்றுப் போகும் இடமே கொஞ்சம்தான். அதில் வேகமாகத் தள்ளினால் அந்தக் கொஞ்சமும் கிழிந்துவிடும் என்று புரிந்தது.

2013-ல் பிரான்சு டாக்டர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். மிகவும் மோசமான நிலையில் வென்டிலேட்டரில் இருந்தவர்களைத் தினமும் 16 மணி நேரமாவது கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் நூற்றுக்கு 33 என்பது 16 ஆகக் குறைந்தது. விலையுயர்ந்த மருந்து இல்லை. நோயாளியைப் புரட்டிப்போட நான்கைந்து பேர் கையும் கவனமும்தான் தேவைப்பட்டது. கொரோனாவில் நம் ஊர் வார்டுகளில் நோயாளிகளைக் கவிழ்ந்து படுக்கச் சொன்னது இதனால்தான்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நிமோனியா வந்த குழந்தைகளுக்கு, தண்ணீர் நிரப்பிய ஷாம்பு பாட்டிலில் குழாயின் முனையை மூழ்க வைத்து, குமிழி விடும் எளிய கருவியைச் செய்தார்கள். அதனால் மூச்சு விடும்போது காற்றுப்பை ஒட்டிக்கொள்ளாமல் திறந்தே இருக்கும். 2015-ல் வெளிவந்த அந்த ஆய்வில், சாதாரண முறையில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர் இறந்தனர். குமிழிக் கருவி வைத்த குழந்தைகளில் 4 பேர். இதெல்லாம் டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டியது. வீட்டில் முயற்சி செய்யவே கூடாது.

கூடினாலும் கெடுதல்

ஆக்சிஜனும் மருந்துதான் என்று சொன்னோம். அளவு மீறினால் எந்த மருந்தும் கெடுதல். குறைமாதக் குழந்தைகளுக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் கண் பார்வை போகும் என்பது 1950-களிலேயே தெரிந்துவிட்டது. எனவே குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை அவசியம். எடை ஏறிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

பீடி, சிகரெட் பிடித்து நெஞ்சு கெட்டவர்களுக்கும், வருஷக்கணக்காக விறகு அடுப்புப் புகையில் சமைத்து நுரையீரல் கெட்ட நம் அம்மாமார், அப்பத்தாமாருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு டாக்டர்கள் ஆக்சிஜனை 88 முதல் 92 வரை வைத்தாலே போதும் என்று பார்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் ஆம்புலன்சில் நடந்து 2010-ல் வெளிவந்த ஆய்வில், இப்படிப்பட்ட நோயாளிகளுக்கு அளந்து கொடுத்தபோது இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது. ஆகவே "ஏன் கொஞ்சமா வச்சிருக்கீங்க? கூட்டி வைங்க" என்று நர்சிடம் சண்டை போடாதீர்கள். சிலிண்டர் திருகாணியை நாமே திருப்பவும் கூடாது.

மருந்துக்கடை விஷயமும் இதுதான். 2020-ல் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வில், டெக்சாமெத்தசோன் என்ற விலை மலிவான மாத்திரை கொரோனாவில் உயிர் காத்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை. காய்ச்சல் வந்ததும் கடையில் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், எதிர்ப்பு சக்தி குறையும். ஒரே மாத்திரை, நேரம் மாறினால் பலன் மாறுகிறது.

2021 மே மாதத்தை மறக்க வேண்டாம்

ஆக்சிஜன் எவ்வளவு பெரிய விஷயம் என்று 2021 மே மாதம் நமக்குக் காட்டியது. தூத்துக்குடியில் மூடிக்கிடந்த தாமிர ஆலையின் ஆக்சிஜன் பிரிவை உச்ச நீதிமன்ற அனுமதியோடு திறந்தார்கள். ராக்கெட்டுக்காக மகேந்திரகிரியில் தயாரான திரவ ஆக்சிஜன் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. நம்ம கூடல்நகருக்கு டேங்கர் ஏற்றிய ரயில் வந்தது. தோப்பூரில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் அமைத்தார்கள். அவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த ஆக்சிஜன்கூட, நேரத்துக்கு வந்து சேர்ந்தவருக்குத்தான் முழுப் பலன் கொடுத்தது.

மூச்சுத் திணறினால் செய்ய வேண்டியவை

1. படுக்க வைக்காதீர்கள். முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்கார வையுங்கள். இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள்.
2. சுற்றிக் கூட்டம் போடாதீர்கள். அடுப்புப் புகை, ஊதுபத்தி, சாம்பிராணி வேண்டாம்.
3. நடக்க விடாதீர்கள். நடந்தால் ஆக்சிஜன் செலவாகும். நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வாருங்கள்.
4. திணறும்போது தண்ணீரோ கஞ்சியோ வாயில் ஊற்றாதீர்கள். புரையேறும்.
5. 108-க்குப் போன் செய்யுங்கள். இலவசம். "மூச்சுத் திணறல்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள்.
6. சாப்பிடும் மாத்திரை, பழைய சீட்டு, மூச்சு எண்ணிக்கை, விரல் மிஷின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

உதடு, நகம் நீலம் பூத்தால், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாமல் போனால், புத்தி தடுமாறினால், மிஷின் எந்த எண்ணைக் காட்டினாலும் காத்திருக்க வேண்டாம்.

கூட்டத்தில் கலந்து பேச

- நம் குழுவில் எத்தனை பேருக்குத் தங்கள் ஹீமோகுளோபின் அளவு தெரியும்? தெரியாதவர்கள் எந்தத் தேதியில் போய்ப் பார்க்கப் போகிறோம்?
- பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள். எத்தனை வந்தது? எண்ணும்போது என்ன சிரமம்?
- "ஆக்சிஜன் வச்சா அவ்வளவுதான்" என்று வீட்டில் யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வோம்?
- ராத்திரி நேரத்தில் அவசரம் என்றால் வீட்டு ஆண்கள் வரும்வரை காத்திருக்கிறோமா? யாரைக் கேட்டு முடிவெடுக்கிறோம்?

தீர்மான நோட்டில் எழுதலாம்: குழுவுக்கு ஒரு விரல் மிஷின் பொது நிதியில் வாங்கி ஊக்குநர் வீட்டில் வைப்பது. உயிர் அவசரத்துக்குக் கூட்டம் கூடும்வரை காத்திராமல், ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்திட்டு அன்றைக்கே அவசரக் கடன் கொடுப்பது. இந்த இரண்டையும் நிறைவேற்றும் குழுக்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் தெரிவித்தால், மற்ற குழுக்களுக்கும் வழியாக இருக்கும்.

– களப் பொறுப்பாளர்